படகேறும் விருந்தாளிகளுக்கு

நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் நாம், விடுமுறை நாட்களில் போர்ட் டிக்சனில் உல்லாசப் படகை வாடகைக்கு அமர்த்தி நண்பர்களை அழைப்பதுண்டு. அழைக்கும்போதே நிபந்தனைகளையும் சொல்லிவிடுகிறோம். மரியாதைக் குறைவென்று சிலர் முகஞ்சுளிப்பர், சுளிக்கட்டும்.

மிதவைச் சட்டை அணியாதார் கரையிலேயே நிற்கலாம். நீந்தத் தெரியுமென்பது சாக்காகாது. மது அருந்தியவருக்கு இடமில்லை. படகு ஓடுகையில் எல்லோரும் ஒரே பக்கம் கூடலாகாது. பாரம் ஒதுங்கினால் சிறு படகு கவிழும். (போட்டோ பிடிக்கும் ஆசை இதைக் கேட்பதேயில்லை!)

நமக்கு முக்கியமான விதி வேறு. நிழல் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்; மற்றையோர்க்கு ஏறும் வரிசையே அமரும் வரிசை. 1926-இல் கட்டப்பெற்ற ரஜூலா கப்பல் சென்னைக்கும் மலாயாவுக்குமிடையே நம்மவரை ஏற்றி வந்த காலத்தில், பணமுள்ளார் அறையிலும், பால்மரம் வெட்ட வந்தோர் திறந்த தளத்திலும் படுத்தனர். கப்பல் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. சென்ற முறை பெரியவரொருவர், பால்வெட்டுக்காரர் குடும்பத்தோடு ஒரே பலகையில் அமரமாட்டேனென்று நிழலிடம் கேட்டார். தம் குலப்பெருமையையும் விளக்கினார். படகோட்டி மலாய்க்காரர், அவருக்கு அது விளங்கவில்லை. கடலில் அவர் சொல்லே சொல். “உட்காருங்கள், அல்லது இறங்குங்கள்” என்றார்.

பெரியவர் இறங்கினார். அவ்விடத்தில் அக்குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் நெருங்கி உட்கார்ந்தனர்.