மாளி காகாவின் கட்டைவிரல்

புனே நகரின் கிழக்கே சோலாப்பூர் சாலையை ஒட்டி விரியும் ஹடப்சர், சில பத்தாண்டுகளுக்கு முன்பு வரை வயல்கள் சூழ்ந்த ஊர். அங்குள்ள மகர்பட்டா நகரியமே, ஏறத்தாழ 120 வேளாண் குடும்பங்கள் தம் 400 ஏக்கர் நிலத்தை ஒன்றுசேர்த்து உருவாக்கியதுதான். கழனிகள் கட்டடங்களாயின, எஞ்சிய மண் பூங்காவும் வேலிச்செடியும் புல்தரையும் ஆயிற்று. ஒவ்வொரு குடியிருப்பிலும் அந்த மண்ணைப் பேணுபவரை எல்லோரும் 'மாளி காகா' என்று அழைக்கின்றனர். மராத்தியில் மாளி என்றால் தோட்டக்காரர், காகா என்றால் சித்தப்பா. உறவுமுறை சொல்லி அழைப்பவர்களில் பலருக்கு அவருடைய பெயர் தெரியாது.

முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், அத்தகைய காகா ஒருவர் மதிலோரக் காகிதப்பூக் கொடியை வெறுங்கையால் கழித்துக்கொண்டிருந்தார். முள் ஒன்று கட்டைவிரலில் ஆழ இறங்கியது. பல்லால் கடித்துப் பிடுங்கித் துப்பினார். குருதி கசிந்த இடத்தில் ஈர மண்ணை அப்பித் துணியால் சுற்றினார். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை அதைக் கண்டு, "பாவூ, கடைசியாக எப்போது டி.டி. ஊசி போட்டீர்கள்?" என்று கேட்டார். "ஒரு முள்ளுக்கா ஊசி, ஆஜி?" என்று அவர் சிரித்தார். சிறுவயதில் ஏதேனும் ஊசி போட்டார்களா என்பதும் அவருக்கு நினைவில்லை.

அந்தச் சிரிப்பில் ஓர் எளிய கணக்கு இருந்தது: சிறு காயம், சிறு தீங்கு. டெட்டனஸ் எனப்படும் இரணஜன்னி இக்கணக்கைப் பொய்யாக்குகிறது. துரு பிடித்த ஆணிதான் இந்நோயைத் தரும் என்ற நம்பிக்கை பரவலானது. துருவுக்கும் நோய்க்கும் நேரடித் தொடர்பில்லை. மண்ணிலும் சாணத்திலும் உறங்கிக் கிடக்கும் குளோஸ்ட்ரிடியம் டெட்டானி என்ற நுண்ணுயிரின் வித்துகளே காரணம். அவை ஆண்டுக்கணக்கில் உயிர்ப்புடன் இருப்பவை. சில நிமிடக் கொதிநீரையும் தாங்குபவை. காற்றுப் புகாத இடத்தில் அவை விழித்தெழும். அகன்ற காயத்தைவிட, வாய் குறுகி ஆழம் மிகுந்த முட்காயம் அவற்றுக்கு ஏற்றது. சுரக்கும் நஞ்சு, தசைகளைத் தளரச் செய்யும் நரம்புச் செய்திகளைத் தடுத்துவிடுகிறது. பெரும்பாலும் 3 முதல் 21 நாள்களுக்குள் தாடை இறுகும். பின்னர் உடல் வில்லாக வளையும். மராத்தியர் அதனைத் 'தனுர்வாத்' என்பர். தமிழிலும் 'தனுர்வாதம்' என்ற வழக்கு உண்டு.

இந்நோய்க்கான மருந்தின் வரலாற்றில் ஹடப்சருக்கே ஓரிடம் உண்டு. 1890இல் பெர்லினில் பேரிங்கும் கிட்டாசாட்டோவும், நோயெதிர்ப்புப் பெற்ற விலங்கின் குருதிநீர் வேறொரு விலங்கைக் காக்கும் என்று நிறுவினர். அதன்பின் உலகெங்கும் குதிரைகளின் குருதியிலிருந்து நச்சுமுறிவு மருந்து தயாரிக்கப்பட்டது. புனேயில் பந்தயக் குதிரை வளர்த்துவந்த பூனாவாலா குடும்பம், ஓய்வுபெற்ற குதிரைகளை மும்பை ஹாஃப்கின் நிறுவனத்துக்கு அளித்துவந்தது. அந்த மருந்தைத் தாமே தயாரிக்கலாமே என்ற எண்ணத்தில், 1966இல் சைரஸ் பூனாவாலா ஹடப்சரில் சீரம் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் தொடக்ககால உற்பத்திகளுள் ஒன்று டெட்டனஸ் எதிர்ப்பு மருந்து. எந்த விலங்கின் சாணம் இவ்வித்துகளைச் சுமக்கிறதோ, அவ்விலங்கின் குருதியே மாற்றும் ஆயிற்று.

தடுப்பூசிக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் தோட்டக்காரருக்கு அது எட்டாமற்போவது எவ்வாறு? விடை தொலைவில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. அரசின் தடுப்பூசித் திட்டம் குழந்தைப் பருவத்திலும், 10 மற்றும் 16 வயதிலும், கருவுற்ற காலத்திலும் அழைக்கிறது. தாய்சேய் டெட்டனஸை ஒழித்ததாக 2015இல் இந்தியா சான்று பெற்றதற்கு இந்த ஏற்பாடு பெரும் காரணம். ஆனால் 16 வயதைக் கடந்த ஆணை எந்த அட்டவணையும் அழைப்பதில்லை. தட்டம்மையில், சுற்றியுள்ளோர் ஊசி போட்டுக்கொண்டால் போடாதவருக்கும் ஓரளவு காப்பு கிடைக்கும். டெட்டனஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது, மண்ணிலிருந்தே வருகிறது. ஆகவே வளாகத்தில் ஆயிரம் பேர் ஊசி போட்டிருந்தாலும் அது மாளி காகாவின் கட்டைவிரலைக் காக்காது. ஒருமுறை நோயுற்றுப் பிழைத்தவருக்கும் எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை.

தோட்டப் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் மிக எளிய செயல்களே: தடித்த கையுறை, மூடிய காலணி, ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவிய காயம், மண்ணோ சாணமோ மஞ்சளோ அப்பாத கட்டுப்பாடு, பத்தாண்டுக்கு ஒருமுறை ஊக்க ஊசி. காயம் அழுக்கானதாக இருந்து, கடைசி ஊசிக்கு ஐந்தாண்டு கடந்திருந்தால் மீண்டும் ஓர் ஊசி வேண்டும். முன்பு முறையாக ஊசி போடாதவருக்கு அது மட்டும் போதாது. தடுப்பூசி உடலைப் பழக்க நாள்கள் பிடிக்கும். அதுவரை காக்க ஆயத்தமான எதிர்ப்பொருளையும், அதாவது இம்யூனோகுளோபுலினையும், செலுத்த வேண்டும்.

அன்று ஆசிரியை அவரை ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். காயத்தைக் கழுவி இரு மருந்துகளையும் செலுத்திய மருத்துவர், நான்கு வாரம் கழித்து ஒன்றும் ஆறு மாதம் கழித்து ஒன்றும் போடவேண்டும் என்று சீட்டில் எழுதினார். வெளியே வந்ததும் காகா கேட்டது ஒன்றுதான்: "அரைநாள் கூலியைப் பிடிப்பார்களா, ஆஜி?"

அடுத்த வளாகக் கூட்டத்தில் ஆசிரியை தோட்டக் கணக்கை வாங்கிப் பார்த்தார். உரத்துக்கும் கத்தரிக்கும் நீர்க்குழாய்க்கும் தனித்தனி வரிகள் இருந்தன. கையுறைக்கு வரி இல்லை. அவர் மூன்று வரிகள் சேர்க்கச் சொன்னார்: கையுறை, ஊசி, ஊசி நாளின் முழுக்கூலி. பயனாளி என்ற இடத்தில் எழுத்தர் 'மாளி' என்று எழுதத் தொடங்கினார். ஆசிரியை அவரை நிறுத்தி, மருத்துவச் சீட்டைப் பார்த்து அம்மனிதரின் முழுப்பெயரைச் சொன்னார்.