நீச்சல் குளத்துக்குப் பின்னால் ஒரு பம்ப் ரூம்

தென்சென்னையில் உள்ளரங்க நீச்சல் குளம் ஒன்று. கோடை விடுமுறை என்பதால் விடியலிலிருந்து இரவு வரை பேட்ச் பேட்சாகப் பிள்ளைகள் இறங்குகிறார்கள். நாம் போனபோது முதல் பேட்ச் இன்னும் வரவில்லை. ஆபரேட்டர் மட்டும் குளத்தோரம் குந்தியிருந்தார். புதுத் தண்ணீர் வந்து விழும் இன்லெட்டை விட்டுத் தள்ளி, முழங்கை ஆழத்தில் பாட்டிலை முக்கித் தண்ணீர் பிடித்தார்.

பம்ப் ரூம் மேசையில் சோதனை தொடங்கியது. சின்னக் குழாயில் தண்ணீரை ஊற்றி, டிபிடி ஒன்றாம் நம்பர் மாத்திரையை நசுக்கிப் போட்டதும் தண்ணீர் இளம் ரோஸ் நிறமானது. மீட்டர் 1.2 பிபிஎம் காட்டியது. இது ஃப்ரீ குளோரின், கிருமியைக் கொல்லத் தயாராக இருப்பது. அதே குழாயில் மூன்றாம் நம்பர் மாத்திரை விழுந்து இரண்டு நிமிடம் போனதும் ரோஸ் நிறம் அடர்ந்தது. இப்போது மொத்தம் 1.9. இரண்டுக்கும் இடையிலான 0.7 தான் கம்பைன்ட் குளோரின். ஆபரேட்டர் முகம் சுளித்தது இந்த எண்ணைப் பார்த்துத்தான். ஜெர்மனியின் டிஐஎன் 19643 தரவிதி இதற்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 0.2.

வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் கலந்தால் குளோரமின்கள் உருவாகின்றன; கம்பைன்ட் குளோரின் என்பது இவைதான். கண் எரிவதற்கும், மூக்கைத் துளைக்கும் அந்த வாடைக்கும் இவையே காரணம். வாடை தூக்கலாக இருந்தால் குளம் சுத்தமாக இருக்கிறது என்று பெற்றோர் பலர் நம்புகிறார்கள். உண்மையில் குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதைத்தான் அந்த வாடை சொல்கிறது. திறந்தவெளிக் குளத்தில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். உள்ளரங்கில் அது நீர்மட்டத்துக்கு மேலேயே, நீந்துகிறவர் மூச்சிழுக்கும் இடத்திலேயே தங்குகிறது.

குளத்தில் சிறுநீர் எவ்வளவு கலக்கிறது? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதைக் கணக்கிட்டார்கள். உணவிலுள்ள ஒரு செயற்கை இனிப்பு உடலில் மாறாமல் சிறுநீரில் வெளியேறும். அதைக் குளத்து நீரில் அளந்தார்கள். சுமார் 8.3 லட்சம் லிட்டர் கொண்ட ஒரு குளத்தில் 75 லிட்டர் வரை சிறுநீர் இருந்திருக்கும் என்று தெரியவந்தது.

அடுத்து பிஎச். அது 7.2 ஆக இருந்தால் ஃப்ரீ குளோரினில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீரியமான ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 8ஐத் தொட்டால் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். மீட்டரில் அதே எண் வந்தாலும் வேலை செய்யும் குளோரின் பாதிக்கும் கீழே போய்விடும். குளத்துக்குக் குளோரின் தரும் திரவ ஹைப்போவை ஊற்ற ஊற்ற பிஎச் ஏறும் என்பதால் ஆசிட் விட்டு அதை இறக்க வேண்டியிருக்கிறது.

“பவுடரை அள்ளிப் போட்டா சரியாயிடும்னு நினைக்கிறாங்க சார். முதல்ல பிஎச் பார்க்கணும்” என்கிறார் அவர்.

கூட்டம் ஓய்ந்த இரவில்தான் பெரிய வேலை. முதலில் மணல் ஃபில்டருக்கு பேக்வாஷ் கொடுத்து, போன தண்ணீருக்கு ஈடாகப் புதுத் தண்ணீர் விடுகிறார். பிறகு குளோரமின்களை உடைக்க, கம்பைன்ட் அளவைப் போலப் பத்து மடங்கு குளோரின் கொடுக்கிறார். 440 கன மீட்டர் குளம், 0.7க்குப் பத்து மடங்கு 7 பிபிஎம். ஆக, மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமான குளோரின். பத்து சதவீத ஹைப்போவில் அது 31 லிட்டர். அளவு குறைந்தால் குளோரமின் உடையாது, செலவு வீண். அந்த நேரம் எக்ஸாஸ்ட் ஃபேன்கள் எல்லாம் ஓட வேண்டும். மறுநாள் குளோரின் பழைய அளவுக்கு இறங்கிய பிறகே ஆட்களை விட வேண்டும்.

ஹைப்போ கேன்கள் ஒரு மூலையிலும் ஆசிட் கேன்கள் எதிர் மூலையிலும் இருக்கின்றன. இரண்டும் கலந்தால் அந்தச் சின்ன அறை நொடியில் நச்சு குளோரின் வாயுவால் நிரம்பிவிடும். அப்படிக் கிளம்பும் வாயுவுக்கு மட்டுமல்ல, தவறான கேனுக்கும் பயப்பட வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் பச்சையாக மாறியது நினைவிருக்கலாம். யாரோ 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியதில் குளோரின் செயலிழந்து, பாசி பிடித்துவிட்டது.

காற்றோட்டத்தை அலட்சியப்படுத்தினால் கட்டடமே தாங்காது. சுவிட்சர்லாந்தின் உஸ்டர் நகரில் 1985 மே 9 அன்று உள்ளரங்கக் குளத்தின் கான்கிரீட் உட்கூரை இடிந்து விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை, குளத்துக் காற்றிலிருந்த குளோரைடு உள்ளுக்குள்ளேயே விரிசல் விட வைத்திருந்தது.

இத்தனை பொறுப்பையும் சுமக்கும் இந்த மனிதரிடம் இருப்பது கிழிந்த கையுறை ஒன்றும் துணி மாஸ்க் ஒன்றும்தான். ஆசிட் கேனைத் தூக்குகிறவருக்கு முகக் கவசமும், குளோரின் வாயுவைத் தடுக்கும் மாஸ்க்கும், இரவு வேலைக்குத் துணையாக இன்னொரு ஆளும் கட்டாயம் வேண்டும். நீந்த வருகிறவர்களிடம் அவர் கேட்பதோ ஒரே ஒரு நிமிடம். இறங்குமுன் ஷவரில் அந்த ஒரு நிமிடம் நின்றாலே உடம்பு அழுக்கில் பெரும்பகுதி போய்விடும். ஷவர் அருகே எழுதி வைத்திருக்கும் போர்டை யாரும் படிப்பதில்லை என்பதால், முதல் பேட்ச் வரும்போது அவரே அங்கே போய் நின்று, நனையாமல் ஓடும் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்புகிறார்.