ஓய்வு பெற்ற எட்டுக் கோழிகள்

நாமக்கல் ஜில்லாவில் கோழியைக் கணக்கில்தான் பார்ப்பது வழக்கம். இத்தனை கொட்டகை, கொட்டகைக்கு இத்தனை ஆயிரம், நாளொன்றுக்கு இத்தனை முட்டை என்று பேசுவார்கள். இருவர் சந்தித்தால் முட்டை விலையை விசாரிப்பார்களே தவிர, கோழியின் சௌக்கியத்தை விசாரிப்பதில்லை. அப்பேர்ப்பட்ட சீமையில், முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளை வைத்துப் பராமரிக்கிறவரைப் பற்றி ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம். நம்மைப் பற்றி அப்படியேதான் நினைக்கிறார்கள்.

பண்ணைக் கோழிக்குச் சுமார் 75 வாரம் ஆனதும் முட்டை குறைந்து தீவனச் செலவு கட்டாமற் போகிறது. உடனே கொட்டகையைக் காலி செய்வார்கள். பழைய கோழிகள் கறிக்காக லாரி ஏறும். ஈராண்டுகளுக்கு முன், நம் மாணாக்கன் ஒருவனுடைய தந்தையின் பண்ணையில் அவ்விதம் காலி செய்த தினத்தன்று, அவன் கணக்குப் பாடத்தில் பின்தங்கியிருப்பது பற்றிப் பேச நாம் அங்கே போயிருந்தோம். கால் தளர்ந்த எட்டுக் கோழிகளை வியாபாரி வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார். ஓர் ஆள் குழி வெட்டிக் கொண்டிருந்தான். கணக்குப் பாடத்தைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. திரும்பி வரும்போது மிதிவண்டியின் பின்னால் இரண்டு கூடைகள் இருந்தன.

வீட்டுக் கொல்லையில் அவற்றை இறக்கி விட்டபோது எட்டும் இறக்கி விட்ட இடத்திலேயே நின்றன. பிறந்தது முதல் மண்ணை மிதித்தறியாத ஜீவன்கள் அவை. கம்பிக் கூண்டில் வளர்ந்த நகங்கள் வளைந்து நீண்டிருந்தன. கொண்டை வெளுத்து ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. கழுத்தில் பாதி இறகு இல்லை. ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சுப் பருவத்திலேயே சுட்ட தகட்டால் அலகின் நுனியை வெட்டி விடுவார்கள். ஆகையால் தரையில் சிதறிய கம்பை அவற்றால் பொறுக்க முடியவில்லை. ஆழமான மண் சட்டியில் நிறையப் போட்டு வைத்தால்தான் உண்ண முடிந்தது.

இவை வெள்ளை லெகார்ன் வம்சம். இத்தாலியத் துறைமுகமான லிவோர்னோவின் பெயரை ஆங்கிலேயர் சிதைத்ததில் பிறந்த பெயர் அது. ஆனால் முற்றிலும் அந்நியர் என்று தள்ளிவிட முடியாது. கோழியின் முதன்மையான மூதாதை செந்நிறக் காட்டுக்கோழிதான். எனினும் அதன் கால்களுக்கு மஞ்சள் நிறம் தரும் மரபணு, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இன்றும் கூவித் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். இந்த மஞ்சள் கால்களைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குத் தூரத்து உறவினர் வீட்டுக்கு வந்த ஞாபகம்.

செந்நிறக் காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைக்கு மேல் இடுவதில்லை. பண்ணைக் கோழியோ 300-க்கு மேல் இடுகிறது. ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்ஸியம் இருக்கிறது. ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில். அப்பொழுது இரைப்பையில் உள்ளது போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. பகலில் தின்று ஈடு செய்ய வேண்டும். ஈடு ஆகாதபோது எலும்பு மெலிகிறது. வியாபாரி ஒதுக்கிய கால்கள் எங்ஙனம் தளர்ந்தன என்று இனி நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளிஞ்சலை இடித்துப் போட்டோம். பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, நீர் தெளித்து இரவில் கவிழ்த்து வைத்தால், காலையில் கறையான் ஏறியிருக்கும். இது நம் பாட்டிமார் கண்ட வைத்தியம். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கால்நடை மருந்தகத்தில் கிடைத்தது.

நான்காம் நாள் ஓர் ஆச்சரியம் நிகழ்ந்தது. முருங்கை மரத்தடியில் ஒரு கோழி சட்டென்று படுத்து, காலால் புழுதியை வாரி இறகுக்குள் இறைத்து, கண்ணை மூடிக்கொண்டு புரண்டது. வலிப்பு என்று வீட்டில் அனைவரும் ஓடி வந்தார்கள். புழுதிக் குளியல்! தாயையே கண்டிராத, புழுதியையே கண்டிராத பிராணிக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இருபது வருஷமாகப் போதித்து வருகிற நமக்குச் சற்று அடக்கம் உண்டாயிற்று. மாலைக்குள் ஏழும் அந்தக் குழியில் முறை வைத்துப் புரண்டன. எட்டாவது நொண்டி, அது மறுவாரம் வந்தது.

நம் தாயார் நாட்டுக்கோழி வளர்த்த கை. "ஏன் கண்ணு, முட்டையும் சரியாப் போடாத, கறிக்கும் ஆகாத கோழிக்கு எதுக்குக் கம்பு போட்டுட்டு இருக்கறே?" என்று தினந்தோறும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கொட்டகையில் விளக்கேற்றிப் பதினாறு மணி நேரப் பகல் உண்டாக்குகிறார்கள். நம் கொல்லையில் மார்கழி இருட்டு மார்கழி இருட்டாகவே இருக்கிறது. வாரத்துக்கு நாலைந்து முட்டை கிடைத்தால் அதிகம்.

பண்ணைக்காரர்களைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. வானம் பார்த்த இப்பூமியில் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியது இத்தொழில். 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் பிற்பாடு முட்டை சேர்ந்தது. இன்று பள்ளி நாள்தோறும் நம் பிள்ளைகளின் தட்டில் ஒரு முட்டை விழுகிறது. காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பையன் அதை எப்படித் தின்கிறான் என்று பார்த்தவர்கள் முட்டையைப் பற்றி எளிதில் பிரசங்கம் செய்ய மாட்டார்கள். ஆனால் அந்த முட்டை ஓட்டைத் தொட்டியில் போடும்போது, அது எவருடைய எலும்பு என்பதும் நமக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டையும் ஒருசேர வைத்துக் கொண்டுதான் வகுப்புக்குப் போகிறோம்.

கொல்லைக்கு வந்து பார்த்த ஒரு சிறுமி, "ஸார், நாங்க சாப்பிட்ட முட்டையெல்லாம் இதுங்க போட்டதா?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றோம். அவள் மறுநாள் ஒரு பிடி சோளம் கொண்டு வந்தாள்.

எட்டில் மூன்று இறந்துவிட்டன. ஒன்றைக் கீரி கொண்டு போயிற்று. மற்ற இரண்டும் கருப்பை நோயால் வயிறு வீங்கி மடிந்தன; ஓயாமல் முட்டையிட்ட கோழிகளுக்கு வரும் வியாதி அது. எஞ்சிய ஐந்துக்கும் கழுத்து நிறைய இறகு முளைத்து, கொண்டை சிவந்திருக்கிறது. நொண்டி இப்பொழுது தலைவி. சட்டியில் முதல் கொத்து அதனுடையது.

வருகிற தை மாதம் அந்தக் கொட்டகை மறுபடியும் காலியாகிறது என்று நம் பழைய மாணாக்கன் வந்து சொன்னான். நம் கொல்லையில் பத்துக்கு மேல் இடமில்லை. அங்கே இருப்பவை ஆயிரக்கணக்கில். நாம் பதில் சொல்லாமல் நின்றோம். தாயார் அவனைக் கூப்பிட்டு, தொழுவத்தின் மேல் கிடந்த இன்னொரு பஞ்சாரத்தை இறக்கித் தரச் சொன்னார்கள்.