காரை மண்ணில் கடல் பற்கள்

பிப்ரவரி 8, சனி. காரை

பெரம்பலூர் மாவட்டம் காரையை ஒட்டி, மழைநீர் அறுத்து அறுத்து மேடும் பள்ளமுமாய் விட்டுப்போன களிமண் காடு. நிலவியல் மாணவர்களோடு விடியலிலேயே இறங்கிவிட்டேன். சாய்வெயிலில்தான் பல்லின் எனாமல் தனியாக மின்னும். வெயில் ஏறிவிட்டால் ஜிப்சத் துண்டுகளின் பளபளப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும். காலடியெங்கும் தோட்டா வடிவப் பெலெம்னைட்டுகள். கணவாய்க்கு உறவான உயிர்களின் உள்ளோடுகள் இவை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஓடைச் சரிவில் விரல்நுனி அளவில் ஒரு கூம்பு. மேலிருந்து கீழாக மெல்லிய வரிகள். தடித்த வேர்ப்பகுதி ஏறக்குறையச் சதுரம். சுறாப்பல் தட்டையாக, ஓரம் கூராக இருக்கும். இது இக்தியோசாருடையது. டால்ஃபின் போன்ற உடல்வாகு கொண்ட கடல் ஊர்வன அது. டைனோசர் காலத்தில் வாழ்ந்தாலும் டைனோசர் இனமல்ல. வாழ்நாள் முழுக்க அதற்குப் பல் விழுந்து விழுந்து முளைக்கும். எனாமல் எலும்பைவிடக் கடினமானது என்பதால், உடல் சிதைந்த பிறகும் பல் நிற்கிறது.

உடனே எடுக்கவில்லை. கிடந்தபடியே படம், ஜிபிஎஸ் குறிப்பு, எந்த அடுக்கு, மண்ணின் நிறம் என எல்லாவற்றையும் எழுதிய பின்பே கை வைத்தோம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்து பார்த்தார். “கார்ல வர்றவங்க சாக்குல அள்ளிட்டுப் போறாங்க தம்பி. நீங்கதான் உக்காந்து எழுதுறீங்க” என்றார்.

அன்றிரவு

திருச்சி வட்டாரத்தில் கிடைத்த முதுகெலும்புகளை வைத்து, 1879இல் ரிச்சர்ட் லைடெக்கர் ‘இக்தியோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயர் சூட்டினார். இக்தியோசார்கள் சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, டைனோசர்களுக்கு வெகுகாலம் முந்தி, அற்றுப்போயின. ஆக, காரைப் பற்கள் அந்த வம்சத்தின் கடைசிக் காலத்தவை. அவை மெல்லக் குறைந்தனவா, திடீரென மறைந்தனவா என்று கேட்டால், எந்தப் பல் எந்த அடுக்கில் கிடந்தது என்ற கணக்குதான் பதில் தரும். சாக்கில் கலந்த பற்களிடம் அந்தக் கணக்கு இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு. கல்லமேடு

இது அரியலூர் மாவட்டம். டைனோசர் யுகம் முடியும் தறுவாயில் படிந்த ஆற்று மண். இங்கே கிடைத்த ஒற்றைப் பல்லை ட்ரூடான்டிட் வகை டைனோசருடையது என 2013இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதே ஆண்டு, மடகாஸ்கரின் சிமோசுக்கஸை ஒத்த முதலையினப் பற்களும் இங்கிருந்து வெளிப்பட்டன. கடல் பிரித்த இரு நிலங்களின் உறவைச் சல்லடையில் தங்கிய சில பற்கள் பேசுகின்றன.

நேற்றைய பல்லைச் சீட்டோடு கல்லூரிச் சேகரிப்பில் சேர்க்கிறோம். இந்த மண்ணில் நடக்கும் எவரிடமும் நான் கேட்பது இதுதான்: பல் கண்ணில் பட்டால் இடத்தைக் குறியுங்கள், படமெடுங்கள், அறிந்தவரிடம் சொல்லுங்கள். இடம் தொலைந்த பல் வெறும் அழகுப்பொருள். இடம் தெரிந்த பல் நம் நிலத்தின் வரலாறு.