படம் இல்லாத அல்பம்

புத்தளத்தில் கற்பிட்டி பஸ்ஸில் ஏறினால் வலப்பக்க யன்னலோரம் இடம் பிடியுங்கள். பாலாவிச் சந்தி தாண்டியதும் உப்பளங்கள், பிறகு களப்பு நீர் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக வரும். நுரைச்சோலையில் அனல் மின்நிலையப் புகைபோக்கி தெரியும். ஓகஸ்ட் மாதமென்றால் தலவில்லு புனித அன்னம்மாள் திருவிழாச் சனத்தில் பஸ் நகராது. இருபுறமும் மணல், தென்னை, நடுவே வெங்காயப் பாத்திகள்.

நான் போனது ஒரு ராத்தாவின் வீட்டுக்கு. கல்யாணக் கேக் பெட்டிகளும் பரிசுப் பெட்டிகளும் செய்து விற்பவர். எங்கள் கிராமத்துச் சங்கப் பெண்களுக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று பார்த்துவரத்தான் போனேன்.

பூப்போட்ட தாள்களை அவர் நிலத்தில் பரப்பினார். “பெரிய பூவுக்குப் பக்கத்தில இன்னொரு பெரிய பூ வைக்காதீங்க, ரெண்டும் சண்டை பிடிக்கும்” என்றார். பெரிய பூ ஒன்று, பொடிப் பூ அல்லது புள்ளி ஒன்று, கோடு ஒன்று. மூன்றிலும் ஒரு நிறமாவது பொதுவாக இருக்கவேண்டும். அப்படியும் ஒத்துவராவிட்டால் இடையில் வெறும் தாளில் விரலகலப் பட்டி ஒன்று ஒட்டினால் சரியாகிவிடும். ஒட்டமுன் எழும்பி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொன்னார். முதலில் கண்ணில் குத்துகிற தாளை எடுத்துவிட வேண்டுமாம்.

எல்லாத் தாளும் கடையில் வாங்கியதல்ல. வங்கிக் கடித உறையைப் பிரித்தால் உள்ளே நீலத்தில் பொடிக்கோலம் இருக்கிறதே, அதுதான் அவருடைய பொடிப் பூ. இத்தனை வருடம் அதைக் கிழித்தெறிந்த என் கையை என்ன சொல்ல! பசையும் வீட்டில் காய்ச்சிய கோதுமை மாப் பசைதான். பூச்சி அரிக்காமலிருக்கத் துளி துரிசு சேர்க்கிறார். துரிசு நஞ்சு, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். மெல்லிய தாளென்றால் பசையை மட்டையில் பூசி, அதன்மேல் தாளை வைத்து, இரவு முழுக்கப் பாரம் ஏற்றவேண்டும். இல்லாவிட்டால் சுருங்கிவிடும்.

இதையெல்லாம் எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். முகாமில் ஓலைக் கொட்டிலின் உட்பக்கம் பேப்பரும் கலண்டர் தாளும் ஒட்டி ஒட்டித்தான் என்றார்.

பிறகு உள்ளே போய் ஒரு அல்பம் கொண்டுவந்தார். அதில் ஒரு படமும் இல்லை. முதல் பக்கத்தில் பச்சைக் கோட்டுத் தாள், அதன் கீழே கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். “எங்கட வீட்டுக் கதவும் விறாந்தையும்.” அடுத்த பக்கம் உம்மாவின் ஊதாப் புடவை. யாழ்ப்பாணம் சோனகதெருவில் இருந்த வீடு அது.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் 30ஆம் திகதி இரண்டே மணித்தியாலம்தான் கொடுத்தார்கள். பெருந்தொகையானோர் புத்தளத்துக்கு வந்தார்கள். படங்கள் அங்கேயே போயின. 2009க்குப் பிறகு சிலர் திரும்பினார்கள், பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் வீட்டைப் பற்றிக் கேட்டதால் செய்த அல்பமாம்.

அன்றைக்கு எனக்குப் பதினான்கு வயது. அவர்கள் போவதை வீதியோரம் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. பெரியவர்கள் ஒன்றும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. இதை ராத்தாவிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று தேத்தண்ணீர் ஆறும்வரை யோசித்தேன். சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, “உங்களிட்டப் படங்கள் இருக்கா?” என்று கேட்டார்.

இல்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் கல்யாண அல்பம் பையோடு போய்விட்டது.

“கூறை என்ன நிறம்?”

“அரக்கு. பொன்னிறக் கரை.”

பெட்டிக்குள் கையைவிட்டுச் சிவப்புத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இது இல்லை, இதுவும் இல்லை, இது கொஞ்சம் கிட்ட. கரைக்குச் சரியான தாள் மட்டும் கிடைத்தது. அதை மடித்துக் கடித உறைக்குள் வைத்துத் தந்தார். அரக்கு கிடைத்தால் எடுத்துவைப்பதாகச் சொல்லி, சங்கத்துப் பிள்ளைகளை எப்போது கூட்டிவருவேன் என்று கேட்டார். பஸ் வந்துவிட்டது. அடுத்த மாதம் என்று சொல்லி ஏறினேன்.