மணற்றட்டும் மரப்பலகையும்

எழுத்தறிவு என்பது யாது என்னும் வினாவுக்கு விடை எளிதெனவே தோன்றும். எழுதவும் வாசிக்கவும் அறிந்தவர் எழுத்தறிவுடையார். அறியாதவர் அஃது இல்லாதவர். ஆயின், இவ்விரு கூற்றினுள்ளும் அடங்காத பெண்கள் பலர் கல்முனைப் பகுதி முஸ்லிம் ஊர்களிலே முன்னர் வாழ்ந்தனர். சவளக்கடையிற் பாடசாலையொன்றில் முதலாந் தரத்துக்குக் கற்பித்த ஆசிரியை ஒருவரின் மூத்தம்மாவும் அவர்களுள் ஒருவர்.

அம்மூதாட்டி சிறுபிராயத்தில் ஓதப்பள்ளியிலே மரப்பலகையில் எழுதி அரபெழுத்துப் பயின்றவர். திருக்குர்ஆனைத் தடையின்றி ஓதுவார். தமிழை அரபெழுத்தில் வரைந்த அரபுத்தமிழ் நூல்களையும், அயற்பெண்கள் பாயைச் சுற்றி அமர்ந்திருக்க, இராகத்தோடு வாசிப்பார். எனினும், தமிழெழுத்து ஒன்றையேனும் அவர் கற்றிலர். ஒருமுறை உதவிப் பணத்துக்கான படிவமொன்றை நிரப்பிய பேர்த்தி, அதிலே 'எழுத வாசிக்கத் தெரியாதவர்' எனத் தன் கையாலேயே எழுதினாள். மூத்தம்மாவின் பெருவிரலை மையில் ஒற்றிக் கைநாட்டு வைப்பித்தவளும் அவளே. அன்று அது பொய்யென அவளுக்குத் தோன்றவில்லை. மூத்தம்மாவும் மறுத்தொன்றும் கூறவில்லை.

அப்பேர்த்தி ஆசிரியையாகி முப்பத்திரண்டு பிள்ளைகளின் முன் நின்றபோது, வகுப்பு நன்றாகவே நடப்பதாகத் தோன்றியது. அவர் ஒரு வரியைச் சொல்ல, முப்பத்திரண்டு குரல்களும் அதனைத் திருப்பிச் சொல்லின. எல்லார்க்கும் மேலாக ஒலித்தது ஒரு சிறுவனின் குரல். பக்கம் முழுவதையும் அவன் பிசகாது ஒப்பிப்பான். ஒருநாள் படமின்றி, 'மரம்' என்னும் சொல்லை மட்டும் அட்டையொன்றில் எழுதி அவனிடம் நீட்டினார். அவன் அட்டையைப் பார்த்தான். பின்னர் அவர் முகத்தைப் பார்த்தான். விடையை அம்முகத்திலே தேடினான். பெரும்போக காலத்திற் குடும்பத்தோடு வயல் வாடியிலே தங்கிப் பல நாள் வராதிருந்த பிள்ளை அவன். தவறியவற்றையெல்லாம் உரத்த குரலால் மறைத்துவைத்திருந்தான். கூட்டொலியினுள் இன்னும் எத்தனை பேர் இவ்வாறு ஒளிந்துள்ளனர் என்னும் எண்ணம் ஆசிரியையை அன்றிரவு உறங்கவிடவில்லை.

இலங்கையில் 1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம், 1998இற் கம்பஹா மாவட்டத்தில் முன்னோடியாகத் தொடங்கி, 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. முதலாம், இரண்டாந் தரங்களில் விளையாட்டும் செயற்பாடும் முதன்மை பெறல் வேண்டும், மேசையில் அமர்ந்து எழுதும் வேலை சிறிதளவே இருத்தல் வேண்டும் என அது வகுத்தது. இந்நெறி பயிற்சிக் குறிப்பேட்டில் அவரிடம் இருந்தது, வகுப்பறையில் இருக்கவில்லை. இப்போது அதனை அங்கே கொணர முற்பட்டார்.

அறையின் நான்கு மூலைகளையும் கற்றல் மூலைகளாக்கினார். ஒன்றில் மணற்றட்டு, பிள்ளைகள் விரலால் எழுதி அழித்து மீண்டும் எழுதுவர். இன்னொன்றிற் சொல்லட்டைகள், அட்டையின் மறுபுறத்திற் படம் இருந்தமையால், பிள்ளை தானே தன் விடையைச் சரிபார்த்துக்கொள்ளும். மூன்றாவதிற் புளியங்கொட்டையும் நூற்றுண்டும் கொண்டு எழுத்துரு அமைத்தல். நான்காவதிற் பன்பாயொன்றை விரித்துத் தாமே அமர்ந்தார். அங்கே ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே அவருக்கு வாசித்துக் காட்டும்.

முதல் வாரம் தோல்வியிலேயே முடிந்தது. மணல் தரையெங்கும் சிதறியது; கொட்டைகள் காற்சட்டைப் பைகளுட் புகுந்தன; அடுத்த வகுப்பிலிருந்து முறைப்பாடு வந்தது. "பிள்ளையை விளையாடவா அனுப்புகிறோம்?" என்று ஒரு தாய் வினவினார். நான்கு மூலைகளையும் ஒரே நாளில் திறந்ததே தமது பிழையென ஆசிரியை உணர்ந்தார். எனவே மூன்றனை மூடிவிட்டு, மணற்றட்டை எடுப்பது, எழுதுவது, திரும்ப வைப்பது என்னும் ஒழுங்கை மட்டும் ஒரு வாரம் பழக்கினார். அது கைவந்த பின்னரே அடுத்த மூலை திறந்தது. குழுக்களையும் நிலையாக வைத்திலர். பிள்ளை முன்னேறுந்தோறும் குழுவும் மாறியது.

எழுத்துகளின் வரிசையும் மாறிற்று. நேர்கோடுகளாலான ட, ப என்பன முதலில் வந்தன. வளைவும் சுழியும் உடையவை பின்னர் வந்தன. சொல்லட்டைகளில் 'அம்மா', 'அப்பா' என்பவற்றோடு 'உம்மா', 'வாப்பா' என்பவற்றையும் அவர் எழுதினார். தான் வீட்டில் அழைக்கும் சொல் எழுத்திலும் உள்ளது என்று காணும் பிள்ளைக்கு, எழுத்து அயலாருடைய பொருளன்று.

இம்முறை மேனாட்டு இறக்குமதி எனச் சிலர் கூறினர். மரியா மொன்டிசோரி 1907இல் றோம் நகரிற் குழந்தைகளின் விரலுக்கு எழுத்தைத் தொட்டறியக் கொடுத்தார் என்பது மெய்யே. எனினும், அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றை நடத்திய அன்ட்ரூ பெல், நம்மவர் பள்ளிகளிற் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதனைக் கைக்கொண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் இணைத்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். நம் திண்ணையில் இருந்த மணலும் சட்டாம்பிள்ளையும் இவ்வாறு கடல் கடந்தன.

ஆசிரியைக்கோ அத்துணைத் தொலைவு செல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. ஓதப்பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தத்தம் பாடத்தைத் தனியே ஓதிக் காட்டியே அடுத்த பாடத்துக்குச் செல்லும். ஒருவர் முந்துவதும் பிந்துவதும் அங்கே குற்றமன்று. பன்பாயில் அமர்ந்து ஒரு பிள்ளையின் வாசிப்பைக் கேட்டிருந்த வேளையிலேதான், தாம் புதிதாகக் கண்டதாய் எண்ணியது மூத்தம்மா பயின்ற முறையே என்பது அவருக்குப் புலனாயிற்று.

கல்முனையிலிருந்து சவளக்கடைக்குச் செல்லும் வழியிற் கிட்டங்கித் தாம்போதி உண்டு. மாரியில் வெள்ளம் அதனை மூடும். அவ்வாறான ஒருநாள், உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிக் கடந்து, ஒரு மணித்தியாலம் பிந்தியே ஆசிரியை பாடசாலையை அடைந்தார். அமளியை எதிர்பார்த்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். வந்திருந்த பதினொரு பிள்ளைகளும் தத்தம் மூலைகளில் இருந்தனர். மணற்றட்டின் அருகே அச்சிறுவன் 'வாப்பா' என்னும் அட்டையை வைத்து, எழுத்து எழுத்தாக விரலை நகர்த்தி, இன்னொருவனுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அவன் குரல் இப்போது உரத்திருக்கவில்லை.

மூத்தம்மாவும் வரிக்குக் கீழே விரலை அவ்வாறே நகர்த்துவார். அவருடைய விரல் வலமிருந்து இடஞ்சென்றது, இவனுடையது இடமிருந்து வலஞ்செல்கின்றது, வேற்றுமை அவ்வளவே. மூத்தம்மா மறைந்து ஆண்டுகள் பல கழிந்துவிட்டமையால், அன்று எழுதிய அவ்வரியை இனித் திருத்துவதற்கில்லை. ஒரு பிள்ளையைத் தனியே அழைத்து வாசிக்கக் கேளாமல், அதற்கு வாசிக்கத் தெரியும் என்றோ தெரியாது என்றோ எழுதுவதில்லை என்பதொன்றே அவரால் இயன்றது. அவ்விதியினின்றும் அவர் பின்னர் ஒருபோதும் வழுவவில்லை.