நீர்த்துறைக்குச் செல்லும் வழி

‘ஷரீஅத்’ என்னும் அரபுச் சொல்லுக்கு அகராதிகள் கூறும் முதற்பொருள், நீர்த்துறைக்குச் செல்லும் வழி என்பதாகும். மார்க்கச் சட்டம் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. நம் வள்ளுவரும் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பையே வைத்தார். இவ்விரு மரபுகளையும் பயின்று, கோம்பை மலையடிவாரத்தில் பாடம் சொல்லிவரும் எனக்கு, தண்ணீருக்காக ஒரு கூட்டத்தார் எழுந்து நின்றனர் என்ற செய்தி எங்கிருந்து வரினும் அயலார் செய்தியாகத் தோன்றுவதில்லை.

அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா மாநிலத்தில், ஸ்டாண்டிங் ராக் பகுதியைச் சேர்ந்த சூ பழங்குடியினர் 2016ஆம் ஆண்டு அவ்வாறு எழுந்தனர். ஏறத்தாழ 1,886 கிலோமீட்டர் நீளமுள்ள எண்ணெய்க் குழாய், அவர்கள் குடிநீர் பெறும் ஓஹே ஏரியின் அடியில் செல்லவிருந்தது. பிஸ்மார்க் நகருக்கு வடக்கே முதலில் ஆராயப்பட்ட வேறொரு தடம் கைவிடப்பட்டது. அந்நகரின் குடிநீர்க் கிணறுகள் அருகிலிருந்ததும் அதற்கு ஒரு காரணம். நகரத்தார் தண்ணீருக்கு ஒரு நீதி, பழங்குடியார் தண்ணீருக்கு வேறொரு நீதியா? ஏப்ரலில் அவர்கள் தொடங்கிய பாசறையில் பல்லாயிரவர் வந்து சேர்ந்தனர். டிசம்பர் 4ஆம் நாள் ஏரிக்கடியில் குழாய் பதிக்க அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்த மாதமே ஆட்சி மாறியது; 2017 ஜூன் முதல் எண்ணெய் ஓடலாயிற்று.

இதை நான் வகுப்பில் கூறியபோது, “ஹஜ்ரத், கடல் கடந்த ஊர்ச் சங்கதி நமக்கு எதற்கு?” என்று ஒரு மாணவர் வினவினார். நான் வடக்கே கை நீட்டினேன். பண்ணைப்புரம், தேவாரம் கடந்தால் பொட்டிப்புரம். அங்குள்ள அம்பரப்பர் கரட்டைக் குடைந்து, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கமும் 50,000 டன் இரும்பாலான ஆய்வுக் கருவியும் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆடு மாடு மேய்ப்போரும் கிணற்றுப் பாசனக்காரரும் வாழும் ஊர் அது. வெடி வைத்தால் எங்கள் ஊற்று என்னாகும், மேய்ச்சல் நிலம் என்னாகும் என்று அம்மக்கள் கேட்டனர். தகுதிச் சான்று பெறாத நிறுவனம் தயாரித்த அறிக்கையைக் கொண்டு சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டதென்று 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் அதனை நிறுத்தி வைத்தது. 2018இல் மீண்டும் அனுமதி வந்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, இத்திட்டத்தை அனுமதிக்க இயலாதென்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

ஃபிக்ஹு நூல்களில் ‘ஹரீம்’ என்றொரு பாடம் உண்டு. ஒருவர் தரிசில் கிணறு தோண்டினால், அதனைச் சுற்றி ஓரளவு நிலம் அக்கிணற்றின் காப்பெல்லையாகும். அதன் நீரை இழுத்துக்கொள்ளும்படி பிறர் அங்கே தோண்டலாகாது. எல்லையின் அளவில் இமாம்கள் வேறுபடுவர். எல்லை உண்டென்பதில் வேறுபடுவதில்லை. கிணற்றுக்கு உரியவர் எந்தக் குலத்தவர் என்று அச்சட்டம் கேட்பதில்லை. ஆகவே, ஸ்டாண்டிங் ராக் மக்களின் கோரிக்கை நம் மதரஸாப் பாடத்திற்குப் புதியதன்று.

ஆயின், துணை நிற்பதற்கும் ஓர் ‘அதப்’ உண்டு. நியூட்ரினோ என்பது மலையையும் மனிதனையும் தடையின்றி ஊடுருவிச் செல்லும் இயற்கைத் துகள். அதனால் உடலுக்குத் தீங்கில்லை. எனினும், வெளியிலிருந்து ஆதரிக்க வந்தோருள் சிலர் கதிர்வீச்சு என்ற அச்சத்தையே பெரிதாக முழங்கினர். விளைவு யாது? அறிவியலார் அந்த அச்சத்திற்கு எளிதில் மறுமொழி தந்தனர். கிணற்றைப் பற்றிய நியாயமான வினா பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஸ்டாண்டிங் ராக்கிலோ, தண்ணீரும் 1851, 1868ஆம் ஆண்டு உடன்படிக்கைகளுமே எங்கள் வழக்கு என்று பழங்குடியினர் தாமே வகுத்துரைத்தனர். வந்தவர்கள் அதன் பின்னே நிற்க வேண்டியிருந்தது.

பொய்யைச் சேர்த்து உண்மைக்கு வலுவூட்ட இயலாது. பாதிக்கப்பட்டவர் பேசட்டும், நாம் செவிமடுத்து, அவர் சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் பிறரிடம் சேர்ப்போம். ஹதீஸ் அறிவிப்பாளரிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மை அதுவல்லவா? நம் முஹல்லாவின் கிணற்றுக்கு நாம் கேட்கும் உரிமையை, தொலைவிலுள்ளோர் ஏரிக்கும் கேட்கும் நெஞ்சத்தை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.